அமாவாசை இலைகள்

அன்று காலை பட்டறைக் கொல்லையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஏகாம்பரப் பத்தரின் மூத்த மகளும் நெல் முத்திரைக் கொலுசுப் பட்டறையின் முதலாளியுமான தையல்நாயகி. அவளுடைய தம்பி சபாநாயகம். இருபத்தாறு வருடமாக அங்கே பற்றவைப்பு வேலை பார்க்கும் மாதையன். வெள்ளிக் கொலுசு உற்பத்தியாளர் சங்கத் தலைவர் தீர்த்தகிரி. நீர்க்காப்பு வாரியத்திலிருந்து வந்த இலைவாசிப்பாளர் ஃபர்சானா. ஆறாவது ஆள் கிடையாது. பிற்பாடு நரிமேட்டுப்பட்டியில் பாதிப்பேர் தாங்களும் அங்கே நின்று பார்த்ததாகச் சொல்லிக்கொண்டதால், இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

ஐவரும் கழிவுநீர்த் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். தொட்டி நிறைய ஆகாயத்தாமரை. ஒரு காலத்தில் ஏரி ஏரியாக மூடிக் கெடுக்கிறது என்று அரசாங்கமே கூலி கொடுத்து அள்ளி எறிந்த அதே களைதான். ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் புதுக் குணங்களோடு திரும்பி வந்திருந்தது. சேலத்துக்கு மேற்கே இருநூற்றுப் பன்னிரண்டு கொலுசுப் பட்டறைகள். ஒவ்வொன்றின் கழுவு நீரும் இப்படி ஒரு தொட்டியில் நின்று, செடியின் வேர் உலோகத்தைக் குடித்த பிறகுதான் நரிமேட்டு ஏரிக்குப் போகலாம் என்று சட்டம். ஏரி தேறிக்கொண்டு வந்தது. வருகிற தை மாதம் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று சான்று கொடுப்பதற்கு முன்னேற்பாடாகத்தான், போன மார்கழியில் ஊர் முழுக்கப் புதுவகைச் செடியை மாற்றி வைத்திருந்தார்கள்.

"பழைய செடி குடிக்க மட்டும் செய்யும். இது எழுதியும் வெக்கும்," என்று சொல்லி ஃபர்சானா கைவிளக்கை ஒரு செடியின்மேல் பிடித்தாள். "நாலு நாளைக்கு ஒரு இலை விரியும். அந்த நாலு நாள்ல வேர் எதைக் குடிச்சுதோ, அது அந்த இலையோட நரம்புல அப்படியே நின்னுடும். உதிராது. குரோமியம்னா மஞ்சள், நிக்கல்னா நீலம். உங்ககிட்ட ரெண்டும் இல்ல. ஆனா இதைப் பாருங்கம்மா."

விளக்கொளியில் ஓர் இலையின் நரம்புகள் செங்காவி நிறத்தில் தெரிந்தன. பச்சைத் துணியில் யாரோ துருப்பிடித்த கம்பியை வைத்துத் தைத்தது போல.

"காட்மியம்," என்றார் தீர்த்தகிரி, யாரும் கேட்காமலே.

தையல்நாயகி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வார்த்தையை அவளுடைய கொல்லையில் அதுவரை யாரும் சொன்னதில்லை.

வெள்ளியைப் பற்றவைக்கும் பொடியில் காட்மியம் கலந்தால் குறைந்த சூட்டிலேயே இளகும். மூட்டு இருக்கும் இடம் தெரியாது. வேலை பாதி நேரத்தில் முடியும். அதன் புகை உள்ளே போனவனுக்குச் சிறுநீரகம் கெடும், பிறகு எலும்பு கெடும். ஊரே அதை வைத்துப் பிழைத்த நாளில் அதைத் தொடாத ஒரே பத்தர் ஏகாம்பரம் என்று பெயர். நெல்மணி போன்ற சின்ன முத்திரை குத்திய கொலுசில் காட்மியம் கிடையாது என்று மூன்று மாவட்டத்துப் பெண்கள் நம்பினார்கள். அந்தக் கொலுசு எத்தனை வருடப் பழையதானாலும் எடைக்கு எடை புதுசு தருவது பட்டறையின் வழக்கம். இவ்வளவு நம்பிக்கையோடு தன் சரக்கைத் தானே திரும்ப வாங்குகிறவர் வேறு யார் என்று தையல்நாயகி எல்லோரிடமும் கேட்பாள்.

"எத்தனை இலை?" என்றாள்.

"ஆறு. தேதி போட்டுப் பாத்தேன்." ஃபர்சானா கையிலிருந்த கணினிப் பலகையைத் தடவினாள். "தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. ஆறுமே அமாவாசையை ஒட்டி விரிஞ்ச இலைங்க. மத்த நாள்ல ஒரு துளி இல்ல."

"அமாவாசைக்குப் பட்டறை லீவு," என்றான் சபாநாயகம். "எங்க தொழில்ல அன்னிக்கு எவனும் உளி எடுக்க மாட்டான்."

"அப்ப அன்னிக்கு உள்ள யார் இருப்பாங்க?"

"யாரும் இல்ல."

தையல்நாயகி அதை மறுக்கவில்லை. யாராவது உண்டா என்ற கேள்வியில் குடும்பத்தார் அடங்கமாட்டார்கள் என்பது அவள் எண்ணம்.

"நெல்லுக்குள்ள பதரும் கெடக்கும்போல இருக்கே அக்கா," என்று தீர்த்தகிரி சிரித்தார். கடந்த ஏழு வருடத்தில் அவருடைய பட்டறை காட்மியத்தோடு இரண்டு முறை பிடிபட்டு அபராதம் கட்டியிருந்தது. அந்தச் சிரிப்பில் ஏழு வருடத்து ஆறுதல் இருந்தது.

"பதர் எதுன்னு தூத்திப் பாத்துடலாம் தலைவரே. சாவி மூணு. எங்கிட்ட ஒண்ணு, தம்பிகிட்ட ஒண்ணு, மாதையன்கிட்ட ஒண்ணு."

எல்லோரும் மாதையனைப் பார்த்தார்கள். ஓய்வு நாளில் திருட்டுத்தனமாக வந்து காட்மியப் பொடி வைத்து வெளிவேலை செய்து கொடுக்கிறவன் என்று ஒருவனைத் தேடினால், அவன் கண்டிப்பாகப் பற்றவைக்கத் தெரிந்தவனாகத்தான் இருப்பான். மாதையன் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துத் தொட்டிச் சுவர்மேல் வைத்தான்.

"நான் செய்யலீங்கம்மா," என்றான். ஒரே முறைதான் சொன்னான். அதற்குமேல் அவன் பேசாதது தையல்நாயகிக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. குற்றமில்லாதவன் கத்துவான் என்று அவள் நினைத்தாள்.

"ஆடி அமாவாசை இலை வரைக்கும் பாக்கறேன்," என்றாள் ஃபர்சானா. "அதுக்குள்ள யாருன்னு நீங்களே சொல்லிட்டா அந்த ஆள் பேரு மட்டும் ஏரிக்கரைப் பலகைல ஏறும். அவங்க இந்தத் தொழில்லயே இருக்க முடியாது. சொல்லலைன்னா பட்டறையை மூடணும். ஏரிக்குச் சான்றும் கிடையாது."

ஏரிக்கரைப் பலகை கறுப்புப் பலகை. தண்ணீரைக் கெடுத்தவர்களின் பெயரை வெள்ளைச் சாயத்தில் எழுதி வைப்பார்கள். மழையில் அழிந்தால் மறுபடி எழுதுவார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர்கள் முதலில் அந்தப் பலகையைப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள்.

அடுத்த மூன்று வாரம் தையல்நாயகி ஒருவரையும் விடவில்லை. மாதையன் சாப்பிடப் போனபோது அவன் பெட்டியைத் திறந்து பொடியை மூக்கு நுனிவரை கொண்டுபோய் முகர்ந்தாள். செம்பும் துத்தநாகமும்தான். அதனால் என்ன, புத்திசாலி வீட்டில் ஒளித்து வைப்பான். தீர்த்தகிரி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஊற்றலாம் என்று தொட்டிக்கு இரும்புவலை மூடி போட்டுப் பூட்டினாள். ஃபர்சானாவே சாயம் பூசியிருக்கலாம் என்று ஓர் இலையை ஈரத் துணியால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. தம்பியின் சட்டையைத் துவைக்கப் போடும்போது முகர்ந்தாள். அத்தர் மணம்தான் வந்தது.

"என்னக்கா, என் மேலயுமா?" என்று அவன் கேட்டான்.

"வீட்டுல நாலு பேர் இருந்தா நாலு பேர் மேலயும்தான்."

"வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு."

"அப்ப ரெண்டு பேர் மேலயும்."

பேச்சுக்குச் சொன்னாள். தன்னைச் சேர்த்துக்கொண்டதாக அவள் உணரவே இல்லை.

ஆடி அமாவாசையும் வந்தது. அப்பாவுக்குத் திதி கொடுக்கச் சபாநாயகம் விடிகாலையிலேயே பவானி கூடுதுறைக்குக் கிளம்பிப் போனான். மூன்று சாவியும் தையல்நாயகியின் முந்தானையில் இருந்தன. வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள், தொட்டிக்குப் பூட்டு. எவன் வருகிறான் பார்க்கலாம் என்று அவள் காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில், ஒவ்வொரு அமாவாசையும் செய்கிற வேலையைச் செய்தாள்.

அது ஊருக்குத் தெரியாத வேலை. திரும்ப வாங்கிய பழைய நெல் முத்திரைக் கொலுசுகளைச் சேலத்தில் சுத்திகரிப்புக்கு அனுப்புகிறார்கள் என்றுதான் பட்டறை ஆட்கள் நினைத்திருந்தார்கள். அனுப்புவதில்லை. "இது நம்ம பேர் போட்ட சரக்கு. வேத்துக் கை படக்கூடாது. குடும்பத்துக் கைதான் உருக்கணும்," என்று அப்பா சொல்லியிருந்தார். ஆள் இல்லாத நாள் அமாவாசை என்பதால் அன்றைக்கு. பத்தொன்பது வருடம் அம்மா உருக்கினாள். அம்மாவுக்குப் பிறகு தையல்நாயகி. இது முப்பத்தோராவது வருடம். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், இந்த வேலையை யாரிடம் விடுவது என்று அவளே தட்டிக் கழித்திருக்கிறாள். அப்பா தன்னை நம்பி ஒப்படைத்தது என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

பதினொரு ஜோடிக் கொலுசை மூசை என்கிற உருக்குக் கிண்ணத்தில் போட்டு அடுப்பை மூட்டினாள். முதுகுக்குக் கட்டியிருந்த தோல் பட்டையை ஒரு துளை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பட்டை இல்லாமல் அவளால் உட்கார முடியாது, பதினொரு வருடமாகிறது. வயசு என்றார் வைத்தியர். ஊரில் அவளை விறைப்பானவள் என்பார்கள். அது அவளுக்குப் பிடிக்கும் என்பதால் பட்டையைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

கொலுசு இளகத் தொடங்கியதும் எப்போதும் போல மஞ்சள் கலந்த பழுப்புப் புகை எழுந்தது. "அழுக்கும்மா அது. எத்தனை பொம்பளைங்க கால் வேர்வை," என்பார் அப்பா. சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். புது வெள்ளியை உருக்கினால் அந்தப் புகை வராது. புதுசில் அழுக்கு ஏது என்று அவள் நினைத்திருந்தாள். இரண்டு வருடம் முன்பு வாரியத்தார் அடுப்புக்கு மேலே, தண்ணீர் வழியும் தகரக் கூண்டு ஒன்றை மாட்டியிருந்தார்கள். புகை அந்தத் தண்ணீரில் கரைந்து, குழாய் வழியாகக் கொல்லைத் தொட்டிக்குப் போகும்.

மாலைவரை யாரும் வரவில்லை. கதவை யாரும் தட்டக்கூட இல்லை. ஏமாற்றத்தோடுதான் அவள் படுக்கப் போனாள்.

மூன்றாம் நாள் காலை, ஃபர்சானா வருவதற்கு முன்பாக, பூட்டைத் திறந்து வலையைத் தூக்கினாள். புது இலை விரிந்திருந்தது. செங்காவி நரம்புகள் விளக்கு இல்லாமலே தெரிந்தன.

வலையை மூடவில்லை. ஆடி அமாவாசையன்று அந்தக் கதவுக்குள் இருந்த ஒரே ஆள் யாரென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அவள் மனது தன்னைத் தாண்டி, எப்போதும் ஒரே மூச்சில் பெருமையாகச் சொல்லிவந்த இரண்டு செய்திகளுக்குப் போயிற்று. அவளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, சங்கக் கூட்டத்தில் அப்பா எழுந்து, "என் பட்டறைக்குள்ள காட்மியம் நுழைஞ்சதே இல்ல," என்று சொன்னார். அதே வருடம்தான் பழைய கொலுசைத் திரும்ப வாங்கும் வழக்கத்தையும் தொடங்கினார்.

அதற்குப் பிறகு அவர் பொடியைத் தொடாமல் இருந்திருக்கலாம். இருந்தார் என்றே அவள் இன்றும் நம்புகிறாள். அதற்கு முன்னால் அவர் விற்றதெல்லாம் பெண்களின் கால்களில் இருந்தது. அதைத்தான் ஜோடி ஜோடியாகத் திரும்ப வாங்கி, தன் வீட்டுப் பெண்களை விட்டு எரிக்கச் சொன்னார்.

கடைசி வருடம் அம்மா ஒரு நாள் தும்மினாள். விலா எலும்பு முறிந்தது. கட்டிலில் புரண்டாள், இன்னொன்று முறிந்தது. அம்மாவுக்கு உடம்பு சத்தில்லை என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

சபாநாயகம் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"இலையைக் கிள்ளிடலாமா?" என்றான்.

"எண்ணி வெச்சிருக்காங்க."

"அப்ப மாதையன்கிட்ட கள்ளச்சாவி இருந்துச்சுன்னு சொல்லிடலாம். அவன் வாயத் தொறக்க மாட்டான். அன்னிக்கே தொறக்கல பாரு. அவன் குடும்பத்தை நாம பாத்துக்கலாம்."

"அவன் பேரு பலகைல ஏறுமே சபா."

"அப்பா பேரு ஏறட்டுங்கறியா?"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அறுபத்து மூன்று வயது. முதுகு நேராக இருந்தது. பட்டை ஏதும் இல்லை.

"அம்மாவுக்கு அப்புறம் அந்த அடுப்புல ஏன் என்னை உக்கார வெச்சாரு? நீதானே ஆம்பளப் புள்ள. உருக்கறது ஆம்பள வேலைதானே."

அவன் செடியைப் பார்த்தான்.

"அந்தப் பக்கம் போகாதன்னு சொன்னாரு."

"எப்ப?"

"அம்மா போன வருஷம்."

"ஏன்னு கேட்டியா?"

"கேக்கல."

"எங்கிட்டயாச்சும் சொல்லணும்னு தோணலியா?"

"நீதான் பெருமையா செஞ்சிட்டிருந்தியே அக்கா. என்னத்தச் சொல்றது."

அவள் பட்டையை ஒரு துளை இறுக்கிக்கொண்டாள்.

பத்து மணிக்கு மறுபடியும் அதே ஐந்து பேர். ஃபர்சானா இலையைப் பார்த்துத் தலையசைத்தாள். தீர்த்தகிரி கையில் காகிதமும் பேனாவும் தயாராக இருந்தன.

"மாதையா, உன் இனிஷியல் என்னப்பா? பலகைல தப்பா எழுதிட்டா வேற எவனாவது சண்டைக்கு வருவான்."

"அவன் பேரு வேண்டாம் தலைவரே," என்றாள் தையல்நாயகி. "ஏ. தையல்நாயகின்னு எழுதுங்க."

தீர்த்தகிரியின் பேனா நின்றது. "விளையாடாதீங்க அக்கா."

"நான் என்னிக்கு விளையாடினேன்? அமாவாசைக்கு அமாவாசை பழைய நெல் முத்திரைக் கொலுசை நான்தான் உருக்கறேன். காட்மியம் அதுலருந்துதான் வருது. எங்கப்பா அதை வெச்சுப் பத்தவெச்சிருக்காரு. பின்னாடி நிறுத்திட்டாரு. நிறுத்தினதைச் சொன்னவரு, வெச்சதைச் சொல்லல."

இத்தனை வருடம் காத்திருந்த செய்தி கையில் கிடைத்தும் தீர்த்தகிரிக்கு அதை அனுபவிக்கத் தெரியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏ.ன்னா ஏகாம்பரம்னு ஊருக்கே தெரியும் அக்கா. வேணும்னா இனிஷியல விட்டுட்டு, வெறும் தையல்நாயகின்னு போட்டுக்கறேன். பெரியவர் பேரு எதுக்கு."

"எங்கப்பா பேர விட்டுட்டு நான் எங்கயும் கையெழுத்துப் போட்டதில்ல. சேத்தே எழுதுங்க."

சபாநாயகம் உள்ளே போய்விட்டான்.

"எத்தனை வருஷமா உருக்கறீங்கம்மா?" என்று ஃபர்சானா மெல்லக் கேட்டாள்.

"முப்பத்தொண்ணு."

ஃபர்சானா தன் கணினிப் பலகையில் எதையோ எழுதப் போய், எழுதாமல், அவளுடைய இடுப்புப் பட்டையைப் பார்த்தாள். "நாளைக்கே சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. ரத்தம், சிறுநீர் ரெண்டும் பாக்கணும். நான் கூட வரேன்."

மாதையன் இன்னும் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவனுடைய அப்பாவும் இதே பட்டறையில், ஏகாம்பரப் பத்தருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்.

"உனக்குத் தெரியுமா மாதையா?"

"ஐயா காட்மியம் வெச்சது தெரியுங்க. எங்கப்பா சொல்லியிருக்காரு. சிவப்பு இலைன்னதுமே பழைய சரக்கு எதுவோ எங்கயோ கழுவறாங்கன்னு தோணுச்சு."

"பின்ன ஏன் சொல்லல? பழி உன் மேல வந்து நிக்குது, சாவியக் கழட்டி வெச்சிட்டுச் சும்மா நிக்கறே."

"எப்படிங்க சொல்றது. நீங்க ஐயாவப் பத்திப் பேசும்போது உங்க முகம் இருக்கற இருப்பப் பாத்தா…" அவன் நிறுத்திக்கொண்டான். பிறகு, முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். "ஆனா நீங்க உக்காந்து உருக்கறது எனக்குத் தெரியாதுங்கம்மா. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஐயாவாவது ஒண்ணாவதுன்னு அந்த அடுப்பையே ஒடச்சுப் போட்டிருப்பேன்."

மூன்று வாரமாக அவள் எதிர்பார்த்திருந்த கத்தல் அது. அதைக் கேட்டுவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து, அவனுடைய சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு தன்னுடையதையும் சேர்த்துக் கொடுத்தாள். தொழிலில் இல்லாதவளுக்குப் பட்டறைச் சாவி எதற்கு.

பட்டறை மூன்று மாதம் மூடிக் கிடந்து, பிறகு மாதையன் பொறுப்பில் திறந்தது. தை மாதம் ஏரிக்குச் சான்று கிடைத்தது. ஏரிக்கரைப் பலகையில் ஏழாவது வரி, ஏ. தையல்நாயகி. இனிஷியலில் உள்ள புள்ளி சரியாக விழவில்லை என்று அவளே போய் நின்று திருத்தச் சொன்னாள். பழைய கொலுசுகளை வாங்குவதை நிறுத்தவில்லை. அவை இப்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டிய பெட்டியில், வாரியத்தின் மூடிய உலைக்குப் போகின்றன.

ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஏரிக்குச் சான்று கிடைத்த அன்று தையல்நாயகி கரையில் நின்று அப்பாவைச் சபித்து, நெல் முத்திரை உளியைத் தண்ணீருக்குள் வீசி எறிந்தாள் என்று சொல்கிறார்கள். பார்த்ததாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. உளி பட்டறை மேசை இழுப்பறையில் இருக்கிறது. திரும்பி வரும் கொலுசு தங்கள் வீட்டுச் சரக்குதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். சபிக்கவும் இல்லை. தவிர, அந்த ஏரியில் உலோகம் போடுவது குற்றம்.